படகுதான் வீடு... இரட்டைக் குழந்தைகளை வளர்ப்பது எப்படி? கிணற்றடி வீடுகள் கற்க வேண்டிய பாடம் என்ன?

தவழ ஆரம்பித்த இரட்டைக் குழந்தைகள். ஒன்று வாசல் பக்கம் போகும். இன்னொன்று அடுப்படி பக்கம் போகும். அம்மா ஒருத்தி, கண்ணும் ஒரு ஜோடிதான். வீட்டிலேயே இந்தப் பாடு என்றால், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த படகில் எப்படி இருக்கும்?

உலகின் பல இடங்களில் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே பிள்ளை வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையாண்ட வழி, கிணறும் தொட்டியும் டிரம்மும் வாசலிலேயே இருக்கிற குரும்பலூர் போன்ற ஊர்களுக்கும் பொருந்தும். எப்படி? பார்ப்போம்.

யார் இப்படி வாழ்கிறார்கள்?

ஹாங்காங், தென்சீனக் கடலோரத்தில் டான்கா மக்கள், தாய்லாந்து, மியான்மர் தீவுகளில் மோக்கென் மக்கள், வங்கதேச ஆறுகளில் பேதே மக்கள் எனப் படகையே வீடாகக் கொண்ட சமூகங்கள் பல. இவர்களில் பலர் இப்போது கரையேறிவிட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலும் உண்டு. கொச்சி காயலில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் கர்நாடகக் குடும்பங்களில், கணவனும் மனைவியும் ஒரே பரிசலில் தொழிலுக்குப் போவார்கள். விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் கைக்குழந்தையும் கூடவே வரும்.

குழந்தை விழாமல் எப்படித் தடுத்தார்கள்?

ஒரே வார்த்தையில் சொன்னால், கயிறு.

டான்கா குடும்பங்களில் நடக்கத் தொடங்கும் பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் படகில் முடிந்துவிடுவார்கள். முதுகில் மரக்கட்டையோ காய்ந்த சுரைக்குடுவையோ கட்டும் பழக்கமும் இருந்தது. தவறி விழுந்தாலும் பிள்ளை மிதக்கும்.

இங்கிலாந்தின் கால்வாய்களில் சரக்குப் படகு ஓட்டிய குடும்பங்களும் இதையே செய்தன. சின்னப் பிள்ளைகளைப் படகின் மேற்கூரையில் புகைபோக்கியோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். ஒரு சிறிய அறைக்குள் முழுக் குடும்பமும் அடைந்து கிடந்ததைப் பார்த்து, ஜார்ஜ் ஸ்மித் என்பவர் பிரசாரம் செய்தார். அதன் பலனாக 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. ஒரு படகில் எத்தனை பேர் வசிக்கலாம் என்று பதிவு செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: இந்தப் பெற்றோர் யாரும் 'நான் பார்த்துக்கிறேன்' என்று கண்ணை மட்டும் நம்பவில்லை. கண் தவறும் நேரத்துக்கு ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள்.

இரட்டையர் என்றால் கூடுதல் சிக்கல் என்ன?

இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் 37 வாரம் முடிவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. எடை குறைவாக இருக்கும், உடல் சூடு சீக்கிரம் இறங்கும். ஈரமும் காற்றும் உள்ள படகில் இது பெரிய ஆபத்து. மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் 'கங்காரு' முறை இதற்குக் கைகொடுக்கும். எடை குறைந்த குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். அப்பாவும் இதைச் செய்யலாம். ஒன்று அம்மா மார்பில், ஒன்று அப்பா மார்பில்.

பால் கொடுப்பதும் அப்படியே. இரண்டையும் ஒரே நேரத்தில் அணைத்துப் பால் கொடுக்க, எடுத்துத் தர இன்னொரு கை வேண்டும். ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கும் அந்தக் கால் மணி நேரம், மற்றது யார் கண்ணிலும் இல்லாத நேரம். படகில் அது உயிர்ப் பிரச்சினை.

லைஃப் ஜாக்கெட் போட்டால் போதாதா?

கைக்குழந்தைக்குப் போதாது. லைஃப் ஜாக்கெட் சரியாகப் பொருந்தும் எடை, பொதுவாகச் சுமார் 8 கிலோ, வரும்வரை குழந்தையைப் படகில் ஏற்ற வேண்டாம் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிவுரை. எடை குறைவாகப் பிறந்த இரட்டையர் அந்த எடையைத் தொட இன்னும் நாளாகலாம்.

பிச்சாவரம், கொடைக்கானல், ஏற்காடு என்று போட்டிங் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைக் குழந்தைக்குச் சுற்றிவிடக் கூடாது. தலையைத் தாங்கும் காலரும், கால்களுக்கு இடையே வரும் பட்டையும் உள்ள குழந்தை ஜாக்கெட்தான் வேண்டும்.

தடுப்பூசிக்கு என்ன செய்வார்கள்?

அசாமில் மருத்துவமனையே படகில் வருகிறது. பிரம்மபுத்திரா ஆற்றுத் தீவுகளில் வாழும் மக்களுக்காக 2005-ல் 'அகா' என்ற படகோடு தொடங்கிய மருத்துவப் படகுத் திட்டம், இன்று பல மாவட்டங்களில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் தருகிறது. கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று வேலைக்காக ஊர் மாறும் நம் குடும்பங்களும், தாய்சேய் நல அட்டையோடு போனால் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அடுத்த தவணை ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.

குரும்பலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் வழியில் உள்ள குரும்பலூரில் கடலும் இல்லை, படகு வீடும் இல்லை. ஆனால் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் இந்த மாவட்டத்தில் பாறை உடைத்து வெட்டிய பெரிய கிணறுகளும் பண்ணைக் குட்டைகளும் உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு என்றால் தவழும் குழந்தைக்கு அதுவும் படகின் விளிம்பும் ஒன்றுதான்.

கிணறு மட்டுமல்ல. கைக்குழந்தை மூழ்க நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீரே போதும். பக்கெட்டில் எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு உடம்பைவிடத் தலை கனம். தலைகீழாக விழுந்தால் எழ முடியாது. கத்தவும் முடியாது, சத்தமே வராது.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2021-ல் உலகம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு 5 வயதுக்குள் உள்ள குழந்தைகள்.

வங்கதேச கிராமங்களில் அம்மாக்கள் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் நேரத்தில்தான் குழந்தைகள் அதிகம் இறப்பதைக் கண்டுபிடித்தார்கள். காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்களை ஊருக்குள் திறந்தார்கள். அங்கே வந்த குழந்தைகளிடையே இறப்பு வெகுவாகக் குறைந்தது.

இங்கேயும் 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே இதற்கு வழி எழுதப்பட்டது. வேலைத்தளத்துக்கு 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அவருக்கும் அதே கூலி என்றும் சொன்னது. இது பலருக்குத் தெரியாமல் போனதுதான் சோகம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வேலை முடிந்ததும் பக்கெட், அண்டா, டப் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். டிரம், தொட்டி, சம்ப் ஆகியவற்றுக்குக் கனமான மூடி போடுங்கள்.
* பாத்ரூம் கதவை எப்போதும் தாழ் போடுங்கள்.
* வாசலில் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு தட்டி கட்டுங்கள். தவழும் குழந்தைக்கு அதுவே பெரிய அணை.
* கிணற்றுக்குச் சுவர் எழுப்பும் வரை முள்வேலியாவது போடுங்கள். பண்ணைக் குட்டைக்கும் வேலி வேண்டும்.
* இரட்டையர் என்றால் ஆளுக்கு ஒன்று என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கிறோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.
* கொலுசுச் சத்தம் குழந்தை எங்கே என்று சொல்லும், ஆனால் தடுக்காது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.
* படகுக்காரர்கள் போலக் கயிறு கட்ட வேண்டாம். வீட்டில் அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தடுப்புக் கட்டிய விளையாட்டு இடமே பாதுகாப்பு.

விழுந்துவிட்டால் உடனே என்ன செய்வது?

குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் பொய்.

மூச்சு இல்லை என்றால், குழந்தையைச் சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கைக்குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு எழும் அளவுக்கு மெதுவாக ஊதுங்கள். பிறகு இரண்டு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால் நடு நெஞ்சில் வேகமாக 30 முறை அழுத்தி, மறுபடி 2 முறை ஊதுங்கள். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் உடனே 108-க்கு அழைக்க வேண்டும். ஆளே இல்லை என்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே முதலுதவியைத் தொடருங்கள். குழந்தை கண் விழித்து அழுதாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

இன்றைக்கே ஒரு வேலை: குழந்தை தவழும் உயரத்துக்குக் குனிந்து வீட்டை ஒரு சுற்று பாருங்கள். எட்டும் தூரத்தில் எத்தனை இடத்தில் தண்ணீர் திறந்திருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றாக மூடுங்கள்.