பிரேக் பெடல் ஏன் மெத்தென்று அமுங்குகிறது?

காரின் பிரேக் பெடல் காலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். சில வேளைகளில் அது பஞ்சை மிதிப்பதுபோல் அமுங்கும். வண்டியும் தாமதமாகவே நிற்கும். இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு மிதித்தால் சற்றுச் சரியாவதுபோல் தோன்றும். “பிரேக்கில் ஏர் பிடித்திருக்கிறது” என்பார் மெக்கானிக். சிறிதளவு காற்று இவ்வளவு தொல்லை தருமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

பாஸ்கல் விதி

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623-1662) கண்ட இவ்விதியே கார் பிரேக்கின் அடிப்படை.

பெடலை 200 நியூட்டன் விசையுடன் மிதிப்பதாகக் கொள்வோம். இது ஏறத்தாழ 20 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை 4 மடங்காக்கி, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கு 800 நியூட்டனாகத் தருகிறது. அப்பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால், திரவத்தில் தோன்றும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 200 நியூட்டன். சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. எனில், அது 4,000 நியூட்டன் விசையுடன் பேடைச் சுழலும் டிஸ்க்கின்மேல் அழுத்தும்.

விசையில் கண்ட லாபத்தைத் தூரத்தில் இழக்கிறோம். அந்தப் பிஸ்டன் 1 மி.மீ. நகர வேண்டுமானால் மாஸ்டர் பிஸ்டன் 5 மி.மீ. நகர வேண்டும், பெடல் 20 மி.மீ. இறங்க வேண்டும். ஆகவே பெடலின் இறக்கத்தில் வீணாக்க இடமில்லை.

காற்று செய்யும் வேலை

திரவம் அழுத்தத்தால் அநேகமாகச் சுருங்குவதில்லை. காற்று சுருங்கும். குழாயில் 2 கன செ.மீ. காற்று தங்கியிருப்பதாகக் கொள்வோம். வளிமண்டல அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 10 நியூட்டன். பெடலை மிதித்ததும் மொத்த அழுத்தம் 210 நியூட்டன், அதாவது 21 மடங்கு. பாயில் விதிப்படி காற்று 0.1 கன செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். காலியான 1.9 கன செ.மீ. இடத்தைத் திரவம் நிரப்ப, பெடல் மேலும் 19 மி.மீ. இறங்க வேண்டும். காற்று இன்னும் மிகுந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும், பிரேக் பிடிக்காது.

ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகளை ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, நீர் நிரப்பி இதைச் சோதிக்கலாம். ஒன்றை அழுத்தியவுடன் மற்றது நகரும். சிறிது காற்றை உள்ளே விட்டு, மறுமுனையை விரலால் தடுத்துக்கொண்டு அழுத்துங்கள். வேறுபாடு கைக்கே தெரியும்.

மலைப்பாதையில் ஆபத்து

காற்று புகாமலும் குழாயில் குமிழி தோன்றலாம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓடும் 1,000 கிலோகிராம் காரின் இயக்க ஆற்றல் 2 லட்சம் ஜூல். நிறுத்தும்போது இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதோ, சுமார் 1,900 மீட்டர் இறக்கம். இழக்கும் நிலை ஆற்றல் ஏறத்தாழ 186 லட்சம் ஜூல்! அதே காரை 90 தடவைக்கு மேல் நிறுத்துவதற்கு இது சமம்.

பிரேக் ஆயில் என்று நாம் அழைப்பது உண்மையில் எண்ணெய் அன்று. பெரும்பாலான கார்களில் உள்ள வகை, காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 140 டிகிரி போதும் என்பதே தரவிதி. பழைய திரவம் சூடேறிக் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியரில் செல்லச் சொல்வது இதனால்தான். அப்போது ஆற்றலின் ஒரு பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும்.

வீட்டில் சோதிப்பது எப்படி?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சோதியுங்கள்.

1. மிதிக்க மிதிக்கப் பெடல் உயர்ந்தால், காற்று இருக்கலாம்.

2. ஒரே அளவாக மிதித்திருக்கையில் மெல்ல இறங்கினால், கசிவு உண்டு. சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் உள்ளதா என்று பாருங்கள். வெளியே ஈரமில்லையெனில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

3. திரவத் தொட்டியைப் பாருங்கள். பேடு தேயத் தேய மட்டம் மெல்லக் குறைவது இயல்பு. திடீரென்று குறைந்தால் கசிவே காரணம்.

4. எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதியுங்கள். கெட்டியானதும் காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரில் கோளாறு.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள திருகை இளக்கிக் குமிழியை வெளியேற்றுவார். திருகை மூடிய பின்னரே பெடலை விட வேண்டும். முந்தினால் காற்று மீண்டும் புகும். தொட்டியும் வற்றக்கூடாது. மூடியில் குறித்த வகைத் திரவத்தையே ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர்கள் ஊதிக் கெடும். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களுக்குத் தனிக் கருவி தேவை. அவற்றையும் கசிவையும் பட்டறைக்கே விட்டுவிடுக.

பெடல் கெட்டியாகாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். ஓடும்போதே பெடல் அமுங்கிப்போனால், விட்டுவிட்டு மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். பல கார்களில் கைப்பிரேக் கம்பிவடத்தால் இயங்குவது. திரவத்தில் உள்ள குமிழி அதைத் தடுக்காது.