டர்போ காருக்கு புது எக்ஸாஸ்ட், இன்டேக்: பவர் ஏறுமா, சத்தம் மட்டும் ஏறுமா?

ஞாயிறு காலை ஈசிஆரில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சின்ன செடான் ஒன்று ரேஸ் கார் மாதிரி உறுமிக்கொண்டே கடந்து போகும். பார்ப்பவர்களுக்கு 'செம பிக்கப்' என்று தோன்றும். ஆனால், அந்த உறுமலுக்கும் வேகத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

டர்போ கார் வாங்கிய கையோடு ஃபில்டர், சைலன்சர் மாற்ற ஒர்க்‌ஷாப் தேடுபவர்கள் நிறைய பேர். எதை மாற்றினால் என்ன நடக்கும்?

டர்போ எப்படி வேலை செய்கிறது?

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைனைச் சுழற்றும். அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர், வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகமானால் பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம். அதனால்தான் ஃபோக்ஸ்வேகன் விர்டஸில் வரும் 999 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின்கூட 115 பிஎஸ் பவரும், 178 என்எம் டார்க்கும் தருகிறது.

எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று முடிவு செய்வது இசியூ எனும் கம்ப்யூட்டர். அளவு தாண்டினால் வேஸ்ட்கேட் வால்வு திறந்து, புகையில் ஒரு பகுதி டர்பைனுக்குப் போகாமல் விலகிவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் ஈஸி.

இன்டேக் மாற்றினால்?

கம்பெனி ஃபில்டர் பாக்ஸை எடுத்துவிட்டு, கூம்பு வடிவ ஓப்பன் ஃபில்டர் மாட்டுவார்கள். டர்போவின் 'உஸ்' சத்தம் நன்றாகக் கேட்கும். ஆனால், அழுத்தத்தின் இலக்கை இசியூ மாற்றாதவரை பவரில் பெரிய வித்தியாசம் வராது. கம்பெனி பாக்ஸ் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும். மறைப்பு இல்லாத ஓப்பன் ஃபில்டரோ பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். சென்னை டிராஃபிக்கில், மே மாத வெயிலில் இது லாபம் இல்லை, நஷ்டம்தான்.

பின்பக்க சைலன்சர்?

சத்தம் மாறும், கொஞ்சம் எடை குறையலாம். அவ்வளவுதான். ஸ்டாக் டியூனில் ஓடும் சின்ன டர்போ காருக்கு, கம்பெனி பைப்பே பெரும்பாலும் போதுமானது.

அப்போ எதில்தான் பவர்?

டவுன்பைப்பில். டர்போவிலிருந்து புகை வெளியேறும் முதல் பைப் இது. டர்பைனைத் தாண்டியதும் புகைக்குத் தடை குறைந்தால், டர்போ சீக்கிரம் வேகமெடுக்கும். கூடவே இசியூவை ரீமேப் செய்தால், வித்தியாசம் ஓட்டும்போதே தெரியும்.

சிக்கலும் அங்கேதான். பல கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருப்பது டர்போவை ஒட்டிய இந்த இடத்தில்தான். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசிய இந்தப் பாகம், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகளை மட்டுப்படுத்துகிறது. அதைத் தூக்கிவிட்டு வெறும் பைப் மாட்டினால், அந்தப் புகை பின்னால் பைக்கில் வருபவரின் முகத்துக்குத்தான் போகும். ஆக்சிஜன் சென்சாரும் கண்டுபிடித்து 'செக் இன்ஜின்' லைட்டைப் போட்டுவிடும்.

கியர்பாக்ஸ் தாங்குமா?

விர்டஸின் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் தருவது 250 என்எம். அதன் 7 ஸ்பீட் டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் வடிவமைப்பு வரம்பும் 250 என்எம்தான். ரீமேப் செய்து டார்க்கை ஏற்றினால், வரம்புக்கு மேல் போகும் ஒவ்வொரு என்எம்மும் கிளட்ச் தலையில்தான் விழும். அது பழுதானால், வாரண்டி கேட்டுப் போகும்போது கம்பெனி மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி பதிவு செய்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவு வரும்: 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும்.

என்ன செய்யலாம்?

கம்பெனி சொன்ன அளவில் பேப்பர் ஃபில்டர், சரியான இன்ஜின் ஆயில், நல்ல டயர். பிரேக் பேடை நேரத்துக்கு மாற்றுங்கள். வேகம்தான் ஆசை என்றால், இருங்காட்டுக்கோட்டை மாதிரியான ரேஸ் டிராக்கில் ஸ்டாக் காரையே ஒரு நாள் முழுசாக ஓட்டிப் பாருங்கள். அந்த 115 பிஎஸ்ஸையே முழுசாகப் பயன்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே புரியும்.