மயிரிழைத் தொலைவு

நம் உடலில் அநேகமாக எந்த உயிரணுவும் ஒரு ரத்தத் தந்துகியிலிருந்து தலைமுடியின் தடிமனுக்கு மேல் விலகி இருப்பதில்லை. குருத்தெலும்பு, கண்ணின் முன்திரை போன்ற சில இடங்கள்தாம் விலக்கு. அவற்றையும் படைத்தவன் பட்டினி போடவில்லை, வேறு வழி வைத்திருக்கிறான். நுரையீரலில் ஏற்றிய ஆக்சிஜனைச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் தந்துகி வரைதான் சுமந்து வரும். அதற்கப்பால் சுமக்க ஆளில்லை. ஆக்சிஜன் தானே பரவிச் செல்ல வேண்டும். வழியிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் அது நெடுந்தூரம் போகாது. அந்தச் சிறு எல்லைக்குள் எல்லா உயிரும் அடங்கும்படி குழாய்களை ஓடவிட்டவனை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

புற்றுக்கட்டி இந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. 1955-இல் இங்கிலாந்தில் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளை மெல்லிய சீவல்களாக்கி அளந்து பார்த்தார்கள். ரத்தக்குழாய் உள்ள இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தாண்டினால் உயிரணுக்கள் மடிந்து கிடந்தன. செழித்த ஓரத்துக்கும் மடிந்த நடுப்பகுதிக்கும் இடையில், மூச்சுத் திணறியபடியே சில உயிரணுக்கள் பிழைத்திருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள்.

அந்தச் சிலவற்றால்தான் சிக்கல். ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு உயிரணுவின் டிஎன்ஏவை முறிக்கிறது. முறிந்த இடத்தை ஆக்சிஜன் பற்றிக்கொண்டால் முறிவு நிலைத்துவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் பல முறிவுகள் மறுபடி பொருந்திவிடும். ஆக்சிஜன் அற்ற உயிரணுவைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் வேண்டும். திணறலே அதற்குக் கவசமாகிறது.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் அந்த 1955-லேயே ஒரு வழி தேடினார். நோயாளியை அழுத்த அறைக்குள் படுக்கவைத்து, மூன்று வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து, அந்த நிலையிலேயே கதிர் கொடுத்தார். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் ரத்த நீரிலேயே கரைந்து நிறைகிறது. எவ்வளவு நிறையும் என்பதை 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் புரேமா காட்டினார்: சிவப்பணுக்கள் அநேகமாக முழுவதும் நீக்கப்பட்ட பன்றிக்குட்டிகள் அழுத்த அறைக்குள் உயிரோடிருந்தன.

முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இது பெரிதும் பொருந்தியது. மருத்துவரிடம் வருவதற்குள் பல பெண்கள் மாதக்கணக்கில் உதிரம் இழந்து சோகை பிடித்திருப்பார்கள். கட்டிக்குள் ஆக்சிஜன் பஞ்சம் இன்னும் கூடியிருக்கும். பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கு மையங்களில் 320 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1978-இல் வெளிவந்தது. அழுத்த ஆக்சிஜனோடு கதிர் பெற்றவர்களில், குறிப்பாக மூன்றாம் நிலையில் இருந்த 55 வயதுக்குட்பட்டவர்களிடம், நோய் நன்றாக அடங்கியது. வேறு சில ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. வலிப்பு வரும் அபாயமும், ஒவ்வொரு முறையும் அறைக்குள் அடைத்துத் திறக்கும் பாடும் சேர்ந்து இந்த முறையை வழக்கத்துக்கு வரவிடவில்லை. ஆனாலும் இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டியின் திணறலைப் போக்கினால் கதிர் நன்றாக வேலை செய்யும் என்பதை அந்தப் பெண்களின் உடல்களும் உலகுக்குச் சொல்லித் தந்தன.

மனிதன் இரும்பு அறை கட்டிச் செய்ய முயன்றதில் ஒரு பங்கை உடல் ஓசையின்றிச் செய்கிறது என்பதுதான் என்னை மலைக்கவைக்கிறது. கதிரை ஒரே நாளில் கொட்டாமல் வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் கொடுக்கிறார்கள். முதலில் மடிவது குழாயோரத்து உயிரணுக்கள். முதல் பந்தி எழுந்ததும் காத்திருந்தவர்களுக்கு இலை விழுவதுபோல, உள்ளே திணறியவற்றுக்கு இப்போது ஆக்சிஜன் கிடைக்கிறது. கிடைத்ததும் அவை கவசத்தை இழந்து அடுத்த கதிருக்கு இலக்காகின்றன.

அழுத்த அறையும் வீணாகவில்லை. இடுப்புப் பகுதியில் கதிர் பெற்றுப் புற்றிலிருந்து மீண்ட சிலருக்கு, ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் கசியும். கதிர் அங்குள்ள நுண்குழாய்களை நலித்திருக்கும். அவர்களை அத்தகைய அறைக்குள் முப்பது நாற்பது அமர்வுகள் ஆக்சிஜன் சுவாசிக்கவைத்து ஐந்து நார்டிக் மருத்துவமனைகள் ஆராய்ந்தன. 2019-இல் வந்த முடிவுகளில் பலருடைய தொல்லை குறைந்திருந்தது. அழுத்த ஆக்சிஜன் நலிந்த திசுவில் புதிய தந்துகிகளை முளைக்கத் தூண்டுகிறது. அவற்றை எங்கே, எவ்வளவு நெருக்கமாக ஓடவிடுவது என்பதை உடலே தீர்மானிக்கிறது.