மின்னஞ்சல் சேவையை மாற்றுதல்: தயக்கத்தின் காரணமும் இழப்பில்லாத வழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடும்பங்கள் பலவற்றில், 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிந்திய காலத்தில், புலம்பெயர்ந்த உறவினரோடு தொடர்புகொள்வதற்காக இணையக் கடைகளில் திறக்கப்பட்ட யாகூ, ஹொட்மெயில் முகவரிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கடிதத்துக்கென்று தொடங்கிய அம்முகவரி வங்கிக் கூற்று, விசா விண்ணப்பம், வேலை விண்ணப்பம், முகநூல் கணக்கு என ஒவ்வொன்றோடும் பிணைந்துவிட்டதால், விளம்பரங்கள் பெருகினாலும், சேமிப்பிடம் நிரம்பிவிட்டதென்ற எச்சரிக்கை அடிக்கடி வந்தாலும், வேறொரு சேவைக்குப் போகப் பலருக்கு மனம் துணிவதில்லை.

இத்தயக்கம் கணினி அறியாதோருக்கு மட்டும் உரியதன்று. பொருளியல் அறிஞர்களான வில்லியம் சாமுவெல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, தெரிவுகள் பல இருக்கையில் மனிதர் ஏற்கெனவே உள்ள நிலையைத் தொடரவே மிகையாக நாடுவதைக் காட்டியது. மாறினால் எதை இழக்கக்கூடும் என்பது உடனே மனத்தில் எழுகிறது. மாறாதிருந்தால் எதை இழக்கக்கூடும் என்பது நடந்த பின்னரே தெரியவருகிறது. இவ்விரண்டாவது இழப்பு எத்தகையது என்பதை இலங்கை அரசே 2023இல் கண்டது.

பிற்போட்டதன் விலை

அரச அலுவலகங்களின் தகவல்களை ஒரு பொதுவான கணினித் தொகுதியில் வைத்து இணையம்வழி வழங்கும் ஏற்பாடே இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவையாகும். இதன் மின்னஞ்சல் பிரிவு, மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2023 ஏப்ரலுடன் ஆதரவை நிறுத்திவிட்ட ‘எக்ஸ்சேஞ்ச் 2013’ என்ற பழைய மென்பொருளிலேயே இயங்கிவந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் அது தள்ளிப்போனது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல் ஒன்று இத்தொகுதியைத் தாக்கியது. காப்புப் பிரதிகளும் அதனோடு சேர்ந்து பூட்டப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, ஏறத்தாழ 5,000 அரச முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீட்கமுடியாதவாறு அழிந்தன.

மூன்றாகப் பிரித்துப் பார்த்தல்

மின்னஞ்சலை மாற்றுவது என்பது ஒரே செயலாகத் தோன்றினும், அதனுள் மூன்று வெவ்வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. பிறர் அறிந்திருக்கும் முகவரி ஒன்று. சேர்த்துவைத்த பழைய அஞ்சல்கள் இன்னொன்று. நாள்தோறும் திறந்து பார்க்கும் திரை மூன்றாவது. ஹொட்மெயில் 2013இல் அவுட்லுக் என்ற புதிய தோற்றத்துக்கு மாற்றப்பட்டபோது திரை முழுதும் மாறியது, எனினும் பழைய முகவரிகள் தொடர்ந்து இயங்கின. ஆகவே மூன்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டிய தேவையில்லை. ஒன்று பழகிய பின் அடுத்ததைத் தொடலாம்.

முதலில் செய்யத்தக்கது பழைய அஞ்சல்களைப் படியெடுத்தலாகும். ஜீமெயில் பயனர், கூகுளின் ‘டேக்அவுட்’ வசதி மூலம் அனைத்தையும் ஒரு கோப்பாகத் தரவிறக்கலாம். ஏனைய சேவைகளில் உள்ளோர், ‘தண்டர்பேர்ட்’ என்ற இலவச மென்பொருளில் பழைய, புதிய கணக்குகள் இரண்டையும் சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு அஞ்சல்களைப் பிரதிசெய்யலாம்.

அடுத்தது, பழைய முகவரியோடு பிணைந்துள்ள கணக்குகளைக் கண்டறிதல். அறிவித்தல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருவதால், பழைய அஞ்சல்பெட்டியின் தேடற்பகுதியில் ‘வெல்கம்’, ‘வெரிஃபை’, ‘பாஸ்வேர்ட்’, ‘ஸ்டேட்மென்ட்’ ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சுசெய்தால், மறந்துபோன பதிவுகளும் வெளிப்படும். அவற்றுள் வங்கி, கைத்தொலைபேசி நிறுவனம், விசா விண்ணப்பம் ஆகியவற்றை முதலிலும், முகநூல் போன்றவற்றைப் பின்னரும் புதிய முகவரிக்கு மாற்றுதல் நன்று. கடவுச்சொல் மறந்தால் மீட்புக் குறியீடு பழைய முகவரிக்கே போகும் என்பதால், இவ்வேலை முடியும்வரை அதனைக் கைவிடலாகாது.

பழைய பெட்டிக்கு வருவனவற்றைப் புதியதற்குத் தானாக அனுப்பும் வழிமாற்று வசதி எல்லாச் சேவைகளிலும் இலவசமன்று. யாகூ 2021 ஜனவரி முதல் அதனைக் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமென வரையறுத்தது. கட்டணம் செலுத்தாதோர் கைத்தொலைபேசியின் அஞ்சற் செயலியில் இரு கணக்குகளையும் சேர்த்துக்கொண்டால் அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பழைய கணக்கை மூடுவதும், நெடுங்காலம் திறவாதிருப்பதும் ஆபத்தானவை. ஈராண்டு பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. யாகூ 2013இல் பயன்பாடற்ற முகவரிகளை வேறு நபர்களுக்கு வழங்கியபோது, பழைய உரிமையாளருக்கு வந்த அஞ்சல்கள் சில புதியவர் கைக்குப் போயின.

முகவரி சொந்தமானால்

முகவரியையே மாற்றாமல் சேவையை மட்டும் மாற்றுவதும் இயலும். இந்திய மத்திய அரசு தன் ஊழியர் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மின்னஞ்சலை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சோஹோ’ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றியபோது, முகவரிகளின் அரசுசார் ஈறு மாறவில்லை. முகவரியில் ‘அற்’ குறிக்குப் பின்வரும் பகுதி ஆள்களப் பெயர் எனப்படும். அது எவருடைய பெயரில் பதிவாகியுள்ளதோ, அவரே அதற்குரிய அஞ்சல் எந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகவேண்டுமெனத் தீர்மானிக்கிறார். கடை, கல்வி நிலையம், சனசமூக நிலையம் போன்றவை எல்கே ஈற்றிலோ ‘.இலங்கை’ என்ற தமிழ் ஈற்றிலோ ஆண்டுக் கட்டணம் செலுத்தித் தமக்கென ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், பின்னர் எத்தனை சேவைகள் மாறினும் வாடிக்கையாளருக்குப் புதிய முகவரி அறிவிக்கவேண்டியதில்லை. பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் அப்பெயர் பிறர் கைக்குப் போகக்கூடும் என்பது மட்டும் நினைவில் இருக்கவேண்டும்.

மாற்றத்தை விரும்பாதோர் உடனடியாக மாறவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. ஆயினும் பழைய அஞ்சல்களின் பிரதி ஒன்றை, எப்போதும் இணையத்தோடு இணைந்திராத வன்தட்டில் சேமித்துவைப்பது, மாறுவோருக்கும் மாறாதோருக்கும் ஒருங்கே அவசியமானது. அதனை இவ்வாரமே செய்துவிடலாம்.