ஒரு பெட்டியில் கேட்ட பாட்டு, ஐந்து பெட்டியில்!

பெங்களூரில் இருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் எல்லையில் இருக்கிறது அத்திபெலே. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. லாரிகளும் பஸ்களும் இரவு பகலாக ஓடுகின்ற இடம். சுற்றிலும் தொழிற்சாலைகள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கங்களில் இருந்து வந்த தமிழர்கள் பலர் இங்கே லேத்திலும், பிரஸ்சிலும், பேக்கிங் செக்சனிலும் வேலை பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. சந்துக்குள் ஒரு சின்ன ரிப்பேர் கடை. மிக்சி, டி.வி., செல்போன் எல்லாம் அங்கே பழுது பார்க்கப்படும். கடைக்காரர் தர்மபுரி மாவட்டத்துக்காரர். முன்பு டேப் ரிக்கார்டர் ரிப்பேரில் கை தேர்ந்தவர்.

அன்று கடைக்குள் ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்திருந்தார். முன்பக்கம் மூன்று. முதுகுப் பக்கம் இரண்டு. தரையில் கனமாக இன்னொரு பெட்டி. நடுவில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். வார விடுமுறையில் வந்த தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க" என்றார் கடைக்காரர். 1960-களில் வந்த ஒரு படத்தின் பாட்டு ஆரம்பம் ஆயிற்று.

"அண்ணே, என் முதுகுக்குப் பின்னால யாரோ வயலின் வாசிக்கிறாங்க!" என்று ஓர் இளைஞர் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பவில்லை. முப்பது வருடம் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர். பாட்டு முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது நான் கேட்ட பாட்டு இல்லை."

இருவரில் யார் சொல்வது சரி?

ஒரே மூச்சில் ஒலிப்பதிவு

இதற்குப் பதில் சொல்ல, அந்தக் காலத்தில் பாட்டு எப்படிப் பதிவானது என்று தெரிய வேண்டும்.

1960-களில் சென்னை ஸ்டூடியோக்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் இருந்து ஒரே நேரத்தில் பாட வேண்டும், வாசிக்க வேண்டும். மைக்குகள் சில. சத்தம் அதிகமாக வரும் வாத்தியத்தைத் தள்ளி உட்கார வைப்பார்கள். மெல்லிய வாத்தியத்தை மைக் அருகே வைப்பார்கள். யாராவது ஒருவர் ஒரு தட்டு தவறினாலும் எல்லோரும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

கடைசியில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து ஒரே தடத்தில் பதிவாகும். இதற்குப் பெயர் மோனோ. சர்க்கரையும் பாலும் கலந்த காபி போல. கலந்த பிறகு சர்க்கரையைத் தனியே எடுக்க முடியாது.

அந்தப் பாட்டைத்தான் ஊர் டீக்கடை ரேடியோவில் கேட்டோம். இலங்கை வானொலியில் கேட்டோம். கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டோம். எல்லாமே ஒரு வாய் உள்ள கருவிகள். அந்த ஒரு வாயில் எது முன்னே கேட்க வேண்டும், எது பின்னே கேட்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் இசை அமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் வேலை செய்தார்கள்.

பிறகு வந்தது ஸ்டீரியோ. நமக்கு இரண்டு காது. இடது பக்கச் சத்தம் இடது காதுக்குக் கொஞ்சம் முந்தி வரும். அதை வைத்து மூளை திசையைச் சொல்லிவிடும். இரண்டு தடம், இரண்டு பெட்டி என்று பிரித்தால் பாட்டுக்கு இடமும் வலமும் கிடைக்கும். 1978-ம் ஆண்டு வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இளையராஜா இசை. தமிழில் இதுதான் முதல் என்று சொல்வார்கள்.

ஐந்து பெட்டி முறை அதற்கும் அடுத்த படி. முன்னால் இடம், நடு, வலம். பின்னால் இடம், வலம். இடி முழக்கம் போன்ற அடித்தொனிக்குத் தனியாக ஒரு பெட்டி. இதைத்தான் கடைகளில் '5.1' என்று எழுதி வைக்கிறார்கள். அந்தப் புள்ளி ஒன்று என்பதுதான் தரையில் வைக்கும் கனமான பெட்டி.

கோலார்க்காரர் எடுத்த படங்கள்

பழைய தமிழ்ப் பாட்டுக்குப் புதிய ஒலி கொடுத்தால் ஜனங்கள் வருவார்களா என்ற சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது 'கர்ணன்'.

1964-ம் ஆண்டு பொங்கலுக்கு வந்த படம். சிவாஜி கணேசன் கர்ணன், என்.டி.ராமராவ் கிருஷ்ணன். விசுவநாதன்-ராமமூர்த்தி இசை. வடநாட்டு ராகங்களை இந்தப் படத்தில் நிறைய எடுத்தாண்டார்கள். படத்தை எடுத்த பி.ஆர்.பந்துலு நம் கர்நாடகத்துக் கோலார் பகுதியைச் சேர்ந்தவர். கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா' எடுத்தவரும் அவரே.

'கர்ணன்' படத்தில் சூரியனை வணங்கும் பாட்டு ஒன்று உண்டு. டி.எம்.சவுந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன், பி.பி.சீனிவாஸ் நால்வரும் பாடியது. இதில் சீனிவாசின் குரலைக் கன்னட ரசிகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ராஜ்குமாருக்காக அவர் பாடிய பாட்டுகள் இன்றும் கர்நாடகம் எங்கும் ஒலிக்கின்றன.

2012-ம் ஆண்டு மார்ச் மாதம் 'கர்ணன்' மறுபடி தியேட்டருக்கு வந்தது. படத்தைச் சுத்தம் செய்து, ஒலியையும் புதிய முறைக்கு மாற்றித் திவ்யா பிலிம்ஸ் வெளியிட்டது. 48 வருடம் பழைய படம். சென்னையில் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. அப்பாவும் மகனும் பேரனுமாகச் சேர்ந்து பார்த்த குடும்பங்கள் உண்டு.

அதே பந்துலு எடுத்து எம்.ஜி.ஆர். நடித்த 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-ல் வந்தது. அதுவும் 2014-ல் இதே போல் புதுப்பித்து வெளியாகி, சென்னையில் வெள்ளி விழா கண்டது.

ஆக, பழைய பாட்டுக்குக் கூட்டம் இருக்கிறது. சந்தேகம் இல்லை.

ராமநகரத்தில் சுண்டிய காசு

பெட்டிகளின் எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. பெங்களூர்-மைசூர் சாலையில் ராமநகரம். அங்குள்ள பாறைகளுக்கு நடுவேதான் 'ஷோலே' இந்திப் படத்தை எடுத்தார்கள். 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி வெளிவந்தது. 70 எம்.எம். திரையில், பல தட ஸ்டீரியோ ஒலியுடன் வந்த படம்.

அதில் அமிதாப்பச்சன் அடிக்கடி ஒரு காசைச் சுண்டுவார். அந்தக் காசு விழுகிற சத்தம் பக்கத்தில் கேட்டதும், ரசிகர்கள் தங்கள் காசுதான் விழுந்துவிட்டதோ என்று நாற்காலிக்கு அடியில் தேடினார்களாம். அந்தக் காலத்து ரசிகர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி இது.

மேல்நாட்டில் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'ராக்' என்று ஓர் இசை. கிடாரும் டிரம்சும் அதிர வாசிப்பார்கள். 1960-களிலும் 70-களிலும் வந்த அந்த இசைத்தட்டுகளை இப்போது ஐந்து பெட்டி முறையில் மறுபடி வெளியிடுகிறார்கள்.

'பிங்க் பிளாய்டு' என்ற குழு 1973-ல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டில் கடிகாரங்கள் மணி அடிக்கும். காசு குலுங்கும். கல்லாப்பெட்டி திறக்கும். அப்போதே அதை நாலு பெட்டி முறைக்கும் தயார் செய்தார்கள். ஆனால் நாலு பெட்டி முறை மக்களிடம் எடுபடவில்லை. ஒரு கம்பெனியின் முறை இன்னொரு கம்பெனியின் கருவியில் ஒத்து வராது. விலையும் அதிகம். 2003-ல் அதே இசைத்தட்டை ஐந்து பெட்டி முறையில் புதிதாக வெளியிட்டார்கள்.

'பீட்டில்ஸ்' குழுவின் புகழ் பெற்ற 'சார்ஜன்ட் பெப்பர்' 1967-ல் வந்தது. அப்போது அந்த இசைத்தட்டைத் தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின். 50 வருடம் கழித்து, 2017-ல், அதே நாடாக்களை எடுத்து ஐந்து பெட்டிக்குப் பிரித்துக் கொடுத்தவர் அவருடைய மகன் ஜைல்ஸ் மார்ட்டின்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்களால் பிரிக்க முடிந்ததற்குக் காரணம், மூல நாடாக்கள் பத்திரமாக இருந்தன. நாலு தடத்தில் பதிவு செய்த கருவியின் நாடாக்களை லண்டன் ஸ்டூடியோவில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். நம்மிடம் பல பாட்டுகளுக்கு மிஞ்சியது, கலந்து முடிந்த ஒற்றைத் தடம் மட்டுமே. சில படங்களுக்கு அதுவும் பழுது. ஆகவே பழைய படத்தைப் புதுப்பிக்கும்போது பின்னணி இசையைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது அன்று வாசித்தவரின் கை அல்ல.

இப்போது கம்ப்யூட்டர் மூலம், கலந்த காபியில் இருந்து சர்க்கரையைப் பிரிக்கவும் வழி வந்திருக்கிறது. 2022-ல் பீட்டில்சின் இன்னொரு இசைத்தட்டை அப்படிப் பிரித்தார்கள். 2023-ல், ஜான் லெனன் வீட்டில் சாதாரண கேசட்டில் பாடி வைத்த குரலைப் பியானோவில் இருந்து பிரித்தெடுத்துப் புதுப் பாட்டாகவே வெளியிட்டார்கள். நம் ஊர்ப் பாட்டுகளுக்கும் இது பயன்படும். இசைத்தட்டின் காகிதத்தில் பாடகர் பெயர் இருக்கும், இசை அமைப்பாளர் பெயர் இருக்கும். வயலின் வாசித்தவர் பெயர் இருக்காது. பெயர் இல்லாத அந்தக் கைகளைத் தனியே கேட்க முடிந்தால், அதுவே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

ஒரு காதுக்காரரின் இசை

இனி பெரியவரிடம் வருவோம். முப்பது வருட பிரஸ் சத்தத்தில் அவருக்கு வலது காது மந்தமாகிவிட்டது. முன்னும் பின்னும், இடமும் வலமும் எல்லாம் அவருக்கு ஒரு பக்கம்தான்.

"மகன் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தான். போட்டுக் கேட்டா, பாதிப் பாட்டைக் காணோம். ரேடியோவுல அப்படி இல்லையே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஸ்டீரியோவில் ஒரு வாத்தியத்தை வலது பக்கம் மட்டும் வைத்துவிட்டால், ஹெட்போனில் அது வலது காதுக்கு மட்டுமே போகும். அந்தக் காது கேட்காவிட்டால் அந்த வாத்தியமே இல்லை. மோனோவில் எதுவும் காணாமல் போகாது.

அமெரிக்காவில் 'பீச் பாய்ஸ்' குழுவின் பிரையன் வில்சனுக்கும் வலது காது அநேகமாகக் கேட்காமல் இருந்தது. 1966-ல் அவர் செய்த 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு மோனோவில்தான் வந்தது. உலகத்தின் சிறந்த இசைத்தட்டுகளில் ஒன்று என்று இன்றும் புகழ்கிறார்கள். ஒரு காதால் செய்த இசை, ஒரு பெட்டியில் முழுமையாக இருக்கிறது.

பிரஸ், லேத், தறி ஓடும் இடங்களில் வேலை செய்யும் தோழர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இரைச்சலால் வரும் காது மந்தம், சட்டத்தில் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. காதடைப்பான் கொடுத்தால் போட்டுக்கொள்ள வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். காதில் இரைச்சல் நிற்காமல் கேட்டாலோ, எதிரில் பேசுவது புரியாமல் போனாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். போன காது திரும்பாது.

ஒரு காது மந்தமானவர்களுக்கு இன்னொரு செய்தி. செல்போனில் அமைப்புகள் பகுதிக்குள் 'அக்சஸிபிலிட்டி' என்று இருக்கும். அதில் 'மோனோ ஆடியோ' என்பதைப் போட்டுவிட்டால், இரண்டு பக்க ஒலியும் கலந்து இரு காதுக்கும் வரும். காசு செலவு இல்லை.

ஏமாற வேண்டாம்

முதுகுக்குப் பின்னால் வயலின் கேட்ட இளைஞர், அந்தச் செட் என்ன விலை என்று விசாரித்தார். கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னார்.

"தம்பி, இது பென் டிரைவ் பாட்டு. மோனோவுல எடுத்தது. பின்னால கேட்டது வயலின் இல்லை. முன்னால வர்ற சத்தத்தையே இந்த மெஷின் கொஞ்சம் தாமதமாக்கிப் பின்னால விடுது. எதிரொலி மாதிரி."

செட் வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஐந்து பெட்டி இருப்பதால் மட்டும் பாட்டு ஐந்தாகப் பிரியாது. பாட்டையே அந்த முறையில் கலந்து வெளியிட்டிருக்க வேண்டும். பென் டிரைவில் நிரப்பித் தரும் சாதாரணப் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டு தடத்துக்கு மேல் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் தங்கி இருக்கும் இடத்தில், இரண்டு நல்ல பெட்டிகளே தாராளம். பக்கத்து அறையில் நைட் ஷிப்டு முடித்துத் தூங்குகிறவருக்கும் உபகாரம்.

பழைய பாட்டைப் புதுப்பிக்கும் கம்பெனிகளும் ஒன்று செய்ய வேண்டும். புதிய ஒலியைக் கொடுக்கட்டும். கூடவே பழைய ஒற்றைத் தடத்தையும் சுத்தம் செய்து அப்படியே கொடுக்கட்டும். கேட்பவர் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்வார். புதியது வந்ததற்காகப் பழையதைத் தூக்கி எறிந்தால், நாளை ஒப்பிட்டுப் பார்க்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

இருட்டிவிட்டது. கடைக்காரர் நாலு பெட்டிகளின் ஒயரைக் கழற்றினார். நடுவில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, அதே பாட்டை மறுபடி போட்டார்.

பெரியவர் நாற்காலியை வலது பக்கமாகத் திருப்பி, நல்ல காதைப் பெட்டிக்கு நேராக வைத்துக்கொண்டார். இளைஞரும் எழுந்து போகவில்லை.

"இப்ப?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இப்ப எங்க ஊரு டீக்கடை" என்றார் பெரியவர்.