உஷார்! வெளிநாட்டுப் பழக்கம் வெள்ளானூர் ரோட்டில் காலை வாரும்

"மச்சி, வண்டிய எடு. ரோட்டுல ரெண்டு ரவுண்டு போனா தானா வந்துடும்!" சென்னை ஆவடியை அடுத்த வெள்ளானூர் பக்கம் ஹாஸ்டலிலோ வாடகை ரூமிலோ இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால், முதலில் சாவியைப் பிடுங்கி வையுங்கள். அங்கே இருக்கும் வேல் டெக் பல்கலைக்கழகத்தில் படிக்க வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும், வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ வருஷக்கணக்கில் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கும்தான் இந்த எச்சரிக்கை. வண்டியே தொடாதவன் பயந்து பயந்து போவான். வேறு ஊர் ரோட்டில் கை பழகியவன்தான் யோசிக்காமல் எதையாவது செய்துவிட்டு மாட்டிக்கொள்வான்.

எதிரே வரும் டிப்பர் லாரி லைட் அடிக்கிறது. பிரிட்டனில் அப்படி அடித்தால் பெரும்பாலும் 'நீங்க போங்க' என்று அர்த்தம். ஆவடி - செங்குன்றம் ரோட்டிலோ 'நான் வர்றேன், நில்லு' என்று அர்த்தம். வழி விட்டார் என்று நம்பி வலது பக்கம் வளைத்தால், நேராக லாரிக்கு அடியில்தான்.

அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் வண்டிகள் வலது ஓரமாகப் போகும். அங்கே பழகிய கண், மெயின் ரோட்டில் ஏறும்போது முதலில் இடது பக்கம்தான் பார்க்கும். இங்கே முதல் ஆபத்து வலது பக்கத்திலிருந்து வருகிறது. அதைப் பார்த்துவிட்டோம் என்று நிம்மதியாக ஏறவும் முடியாது. இடது பக்கம் ராங் சைடில் ஒருத்தர் வந்துகொண்டிருப்பார்.

ஸ்கூட்டரில் பழகிவிட்டு கியர் பைக்குக்கு மாறுகிறவர்கள் இன்னும் உஷார். ஸ்கூட்டரில் இடது கை லீவர் பின் பிரேக். பைக்கில் அதே லீவர் கிளட்ச். மாடு குறுக்கே வந்த பதற்றத்தில் அதை இறுக்கினால் வண்டி நிற்காது, இன்ஜின் பிடியும் விட்டு அப்படியே உருண்டு போகும். லாரிகள் சிந்திய மணல் மேல் முன் பிரேக்கை அழுத்தினாலோ, சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே தள்ளிவிடும்.

காலியாகக் கிடக்கிறதே என்று வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் பழகப் போகாதீர்கள். லைட் இல்லாமல் ஓரம் கட்டிய லாரி, இருட்டில் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

கார் லைசென்ஸ் இருந்தால் பைக் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியிலும் மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். வண்டி கொடுத்த நண்பருக்கும் தனியாக 5,000. இடித்துவிட்டால், அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி வண்டி உரிமையாளரிடமே வசூலிக்கக்கூடும்.

ஆகவே முதலில் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுங்கள். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து டெஸ்ட். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' மாட்டுங்கள். பின்னால் சொல்லிக்கொடுப்பவர் தவிர யாரையும் ஏற்றாதீர்கள். ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், தாடைப் பட்டையை இறுக்கிப் போடுங்கள். காலி மைதானத்தில் பிரேக்கும் கிளட்சும் கைக்கு வந்த பிறகு, ஞாயிறு விடியலில் தெருவுக்குள் ஓட்டுங்கள். மெயின் ரோடு கடைசியில்.

அடிபட்டால் 108 ஆம்புலன்ஸ். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், வெளிநாட்டவருக்கும்கூட, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் முதலில் போன் போடுங்கள்.