கால் மரத்தால் வாயும் மரக்க வேண்டுமா?

ஜொகூர் பாருவின் நண்பகல் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடந்த ஆண்டு அப்படியொரு வெயிலில் என் அத்தை கோயிலை வெறுங்காலோடு மூன்று முறை சுற்றி வந்தார். நாங்கள் எல்லாரும் நிழல் தேடி ஓடினோம். அவர் நிதானமாக நடந்தார். 'எவ்வளவு பக்தி!' என்று வியந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பாதங்களிலும் கொப்புளம்.

"சுட்டதே தெரியலய்யா" என்றார்.

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோதெரபி முடிந்து அப்போது நான்கு மாதம். விசாரித்த பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரவில் பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கும். சிலிப்பர் கழன்று விழுந்தாலும் தெரியாது. முப்பது ஆண்டுகள் ரவிக்கை தைத்த கை அது. இப்போது தன் ரவிக்கைக்கு ஊக்கு மாட்டவே மகளைக் கூப்பிடுகிறார்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா அத்தை?"

"உயிரக் காப்பாத்திக் குடுத்திருக்காங்க. இதப்போய் குறை சொல்றதா?"

வானொலியில் தினமும் முகம் தெரியாத நேயர்களிடம் நலம் விசாரிப்பவன் நான். சொந்த அத்தையிடம் விசாரிக்கத் தவறியிருந்தேன்.

அவருக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று பேக்லிடாக்செல். உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குழாய்களை அது இறுக்கிப் பிடிப்பதால் புற்றணுக்கள் பெருக முடியாமல் அழிகின்றன. ஆனால், நரம்புகளுக்குள் சத்துப்பொருள்களைக் கொண்டுசெல்லும் பாதையும் அதே நுண்குழாய்தான். பாதத்துக்குப் போகும் நரம்புகளே உடலில் மிக நீளமானவை என்பதால், பெரும்பாலும் மரப்பு கால்விரலில் தொடங்கி கைவிரலுக்கும் பரவுகிறது. குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டின், ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் ஆகியவையும் நரம்பைத் தாக்கக்கூடியவை. ஆக்சாலிபிளாட்டின் பாதிப்பு, சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகலாம்.

இது அபூர்வமான தொல்லை அல்ல. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய 31 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. கீமோதெரபி முடிந்த முதல் மாதத்தில் 68 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகும் 30 விழுக்காட்டினருக்கும் இப்பாதிப்பு இருந்தது. நீரிழிவால் ஏற்கெனவே நரம்பு பழுதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு எது?

வராமல் தடுப்பதற்கென்று பரிந்துரைக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. வந்த பிறகு வலியைக் குறைக்க டுலோக்செட்டின் என்ற மாத்திரை சிலருக்கு உதவுகிறது. ஆகவே, சிகிச்சை நடக்கும்போதே சொல்லிவிடுவதுதான் பெரிய பாதுகாப்பு. மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சத்து மாத்திரைகளையும் கேட்காமல் விழுங்காதீர்கள்; வைட்டமின் பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

சிகாமட்டிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் விடியுமுன் கிளம்பி, ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் உண்டு. மருத்துவர் முன் உட்கார்ந்ததும் 'கட்டி திரும்ப வந்திருக்கா?' என்ற ஒரே கேள்விதான் மனத்தில் நிற்கும். விரல் மரப்பு மறந்துபோகும். அதனால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

குடும்பத்தார் 'வலிக்குதா?' என்று மட்டும் கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? பேனா பிடிக்க முடிகிறதா? தண்ணீரின் சூடு தெரிகிறதா? படி ஏற முடிகிறதா? மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐரோப்பியக் கேள்விப் படிவம் ஒன்றும் இப்படித்தான் அன்றாட வேலைகளை வைத்துக் கேட்கிறது. வண்டி ஓட்டுகிறவரிடம் பிரேக் மிதி காலுக்குத் தெரிகிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு, இரவில் சிறு விளக்கு, தினமும் பாதத்தைப் பார்ப்பது, குளிக்கும் நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது... இவ்வளவும் இப்போது அத்தையின் வழக்கம். அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். இயன்முறைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

ரவிக்கை தைக்கும் அளவுக்கு விரல் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் தலையணை உறை ஒன்றுக்குப் பெரிய பொத்தான் தைத்தார். அரை மணி நேரம் ஆனது. நூலை மட்டும் நான் கோத்துக் கொடுத்தேன்.